மூன்று முறை நீக்கிப் போட்டும் லிப்ரே ஆஃபீஸ் திறக்கவில்லை என்றால்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். கோத்தகிரி பக்கம் ஊரில் முப்பது பேருடைய தேயிலைக் கணக்கை லேப்டாப்பில், லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச ஆஃபீஸ் மென்பொருளில், அதன் கணக்கு அட்டவணையான கால்க்கில் வைத்திருக்கிறீர்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப், எப்போதும் நேராக பிளக்கில்தான் ஓடுகிறது. போன வாரம் மழையில் கரன்ட் போவதும் வருவதுமாக இருந்தது, மறுநாளிலிருந்து ஐகானைத் தட்டினால் பெயர்ப் படம் ஒரு நொடி மின்னிவிட்டு மறைகிறது. எந்தச் செய்தியும் வருவதில்லை. மூன்று முறை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டாயிற்று, அதுவும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, சிக்னல் கிடைக்கும் இடமாகத் தேடி உட்கார்ந்து. ஒன்றும் மாறவில்லை. பட்டுவாடா நாள் நெருங்குகிறது, விண்டோஸையே அழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். அந்த யோசனையைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் லேப்டாப்பை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

நான் குன்னூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். இந்த மாதிரி வரும் பத்தில் பெரும்பாலானவை ஒரே கதைதான். ப்ரோக்ராம் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போனது வேறு இடத்தில் இருக்கும், அன்இன்ஸ்டால் அந்த இடத்தைத் தொடவே தொடாது. உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், நீங்கள் மூன்று முறையும் செய்தது கவாத்து, செடியின் மேல்பாகத்தை மட்டும் வெட்டிவிடுவது. மேலே இருந்ததெல்லாம் போய்விட்டது, பார்க்க மொட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் நோய் வேரில் இருந்தால் வரும் துளிரும் அதே நோயோடுதான் வரும்.

அந்த வேர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். லிப்ரே ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் குடியிருக்கும். ஒன்று சி டிரைவில் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டருக்குள். அதுதான் மென்பொருள், எல்லோருக்கும் ஒரே மாதிரி. இன்னொன்று உங்கள் பெயரில் உள்ள யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் லிப்ரே ஆஃபீஸ், அதற்குள் 4, அதற்குள் யூசர் என்று ஐந்தாறு படி உள்ளே. இதை ப்ரொஃபைல் என்பார்கள். நீங்கள் மாற்றிய செட்டிங், சேர்த்த எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் வசதிகள், அகராதியில் நீங்களாகச் சேர்த்த சொற்கள், மேக்ரோ என்ற தானியங்கிக் கட்டளைகள், டெம்ப்ளேட் என்ற மாதிரிப் படிவங்கள் எல்லாம் இங்கேதான். அன்இன்ஸ்டால் செய்யும்போது வேண்டுமென்றேதான் இதை விட்டுவைக்கிறார்கள். புது பதிப்பு போடுகிறவருக்குப் பழைய செட்டிங் எல்லாம் அப்படியே கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். அந்த 4 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2013இல் 4.0 பதிப்பு வந்தபோது வைத்த பெயர், இன்றுவரை மாறவில்லை. அதனால் எத்தனை புதிய பதிப்பைக் கொண்டுவந்து போட்டாலும் அது போய்ப் படிப்பது அதே பழைய ஃபோல்டரைத்தான்.

இதற்குள் ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. நீங்கள் எதை மாற்றினாலும், கடைசியாகத் திறந்த ஃபைல்களின் பட்டியல் உட்பட, அதில் எழுதப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல் பாதியில் அறுந்துவிடும், சில நேரம் உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் கூடாக நிற்கும். மறுநாள் லிப்ரே ஆஃபீஸ் எழுந்து, பெயர்ப் படத்தைக் காட்டி, அந்த ஃபைலைப் படிக்கப் போய், அங்கேயே விழுந்துவிடும். நீங்கள் சொன்ன அறிகுறியோடு இது அச்சாகப் பொருந்துகிறது. பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப்பில் கரன்ட் போனாலும் தெரியாது. உங்களுடையது இப்போது மேஜைக் கம்ப்யூட்டருக்குச் சமம், யுபிஎஸ் இல்லாத மேஜைக் கம்ப்யூட்டர்.

சரி, பட்டுவாடா முதலில். இலைக் கணக்கு ஃபைல் டாக்குமென்ட்ஸிலோ டெஸ்க்டாப்பிலோ எங்கே வைத்தீர்களோ அங்கேயேதான் இருக்கும், அன்இன்ஸ்டால் அதைத் தொடாது. இப்போதே பென்டிரைவில் ஒரு பிரதி, போனில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். போனில் கொலாபரா ஆஃபீஸ் என்ற இலவச ஆப் போட்டால் அதே ஃபைல் அப்படியே திறக்கும், அவசரத்துக்கு ஆளுக்கு எத்தனை கிலோ, எவ்வளவு தொகை என்று பார்த்துக்கொள்ள அது போதும். ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் புள்ளியும் அலைக்கோடும் போட்டு லாக் என்று தொடங்கி, உங்கள் ஃபைல் பெயரும் கடைசியில் # குறியுமாக முடிகிற ஒரு குட்டி ஃபைல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கரன்ட் போனபோது கணக்கு திறந்திருந்ததன் அடையாளம் அது, லிப்ரே ஆஃபீஸ் ஓடாத நேரத்தில் அதை அழிக்கலாம்.

இப்போது வேலைக்கு வருவோம். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் கொடுத்து மறுபடி ஆன் செய்வது போதாது, விண்டோஸ் 10இலும் 11இலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருப்பதால் ஷட்டவுன் முழு ஷட்டவுன் ஆகாது, பாதித் தூக்கம்தான். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் சுத்தமாக முடித்துவிட்டு எழும். அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீட்டெய்ல்ஸ் பகுதியில் எஸ் ஆஃபீஸ் டாட் பின் (லிப்ரே ஆஃபீஸ் ஓடும்போது அங்கே தெரியும் பெயர்) என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ட் டாஸ்க். உள்ளே ஒன்று செத்தும் சாகாமலும் கிடந்தால் நீங்கள் தட்டுகிற புது ஐகான் அதனிடம் போய் வேலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடும், வெளியே பார்ப்பவருக்குத் திறக்காத மாதிரிதான் தெரியும்.

அடுத்தது சேஃப் மோட். ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஆஃபீஸ் என்ற தலைப்பின் கீழேயே லிப்ரே ஆஃபீஸ் சேஃப் மோட் என்று தனி ஐகான் இருக்கும், 5.3 பதிப்பிலிருந்து உண்டு. அதைத் தட்டினால் ஒரு தற்காலிகப் புது ப்ரொஃபைலோடு திறக்கும். திறந்ததும் ஒரு பெட்டி வந்து என்ன செய்யலாம் என்று கேட்கும். அந்தப் பெட்டி வந்துவிட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது, ப்ரோக்ராம் நலம், பெரும்பாலும் ப்ரொஃபைல்தான் கோளாறு என்று தெரிந்துவிடும். அதிலேயே எக்ஸ்டென்ஷன்களை நிறுத்த, ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை (திரையில் வரையும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடுவதை) நிறுத்த, ப்ரொஃபைல் முழுவதையும் ஃபேக்டரி நிலைக்குக் கொண்டுபோக என்று ஒவ்வொன்றாக இருக்கிறது. அந்தக் கடைசிப் பட்டனை எடுத்த எடுப்பில் அழுத்தாதீர்கள். நான் கையால்தான் செய்வேன், ஏனென்றால் பட்டன் அழித்துவிடும், கை பெயரை மட்டும் மாற்றும்.

கையால் செய்வது இப்படி. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள், ரன் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் பெர்சென்ட் குறி, ஆப்டேட்டா என்ற சொல், மறுபடி பெர்சென்ட் குறி, மூன்றையும் இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி எண்டர் கொடுங்கள். நேராக ரோமிங் ஃபோல்டருக்குள் கொண்டுபோய் விடும். ஆப்டேட்டா மறைத்து வைத்த ஃபோல்டர், யூசர் ஃபோல்டருக்குள் போய்த் தேடினால் கண்ணில் படாது. நிறையப் பேர் அங்கே தேடிவிட்டு எனக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எழுதுவார்கள், அதனால்தான் இந்தக் குறுக்கு வழி. அங்கிருந்து லிப்ரே ஆஃபீஸ், 4 என்று உள்ளே போய், யூசர் ஃபோல்டரின் பெயரை யூசர் பழசு என்று மாற்றுங்கள். பெயர் மாற்ற விடமாட்டேன் என்று அடம்பிடித்தால் எஸ் ஆஃபீஸ் இன்னும் உள்ளே ஓடுகிறது என்று அர்த்தம், மேலே சொன்ன மாதிரி முடித்துவிட்டு வாருங்கள். இப்போது வழக்கமான ஐகானைத் தட்டுங்கள். ப்ரொஃபைலைக் காணோமே என்று அதுவே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு திறக்கும்.

உங்களுக்கு இங்கேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். திறந்துவிட்டால் மூடிவிட்டு, பழைய ஃபோல்டரிலிருந்து வேண்டியதை மட்டும் புது ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள். வேர்ட்புக் உங்கள் சொற்கள், ஆட்டோகர் தானாகத் திருத்தும் பட்டியல், டெம்ப்ளேட் என்றால் டெம்ப்ளேட், பேசிக் என்றால் மேக்ரோ. ஒரு ஃபோல்டர் கொண்டுவந்து, திறந்து பார்த்து, சரியென்றால் அடுத்தது. அந்த ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ் ஃபைலை மட்டும் கொண்டுவராதீர்கள், எதை வெளியே தள்ளினோமோ அதையே கூட்டி வந்த கதையாகிவிடும். பழைய ஃபோல்டரில் பேக்கப் என்றும் ஒன்று இருக்கும், அதையும் எட்டிப் பாருங்கள். கரன்ட் போனபோது திறந்திருந்த கணக்கின் தானாகச் சேமித்த பிரதி அதில் கிடக்க வாய்ப்பு உண்டு.

திறக்கவில்லை என்றால்தான் முழுசாகப் பிடுங்கி நடுவது. இதில் மலைக்காரர்களான நமக்கு ஒரு கூடுதல் விதி: கையில் புதுசு வந்து சேராமல் பழசை நீக்காதீர்கள். விண்டோஸ் 64 பிட் இன்ஸ்டாலர் சுமார் 350 எம்பி இருக்கும். ஹாட்ஸ்பாட்டில் பாதியில் அறுந்து, அறுந்ததே தெரியாமல் அதைப் போட்டுப் பார்த்துப் பிழை வந்தவர்களை எனக்குத் தெரியும். கோத்தகிரி டவுனில் யாராவது தெரிந்தவர் வீட்டு வைஃபையில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோங்கள், இறக்கிய ஃபைலின் அளவு தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு. தளம் லிப்ரே ஆஃபீஸ் டாட் ஆர்க், அது ஒன்றுதான். தேடினால் மேலே விளம்பரமாக வருபவற்றில் போகாதீர்கள், ஆஃபீஸோடு சேர்த்து வேண்டாத நாலு சாமான்களையும் தலையில் கட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, உங்களுடையது பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பா? அதில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால் புதிய லிப்ரே ஆஃபீஸ் ஏறாது, 25.8 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 ஆவது இருக்க வேண்டும். பழைய பதிப்புகளை டவுன்லோட் ஆர்க்கைவ் என்ற இடத்தில் வைத்திருக்கிறார்கள், அதே தளத்தின் இணைப்பு வழியாக அங்கே போய் எடுக்கலாம். பதிப்பு எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், 2024 முதல் ஆண்டும் மாதமும்தான் எண். 24.2 என்றால் 2024 பிப்ரவரி.

வந்து சேர்ந்ததும் வரிசை மாறாமல் செய்யுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் லிப்ரே ஆஃபீஸை நீக்குங்கள். ஹெல்ப் பேக் தனியாகப் போட்டிருந்தால் அதையும். ரீஸ்டார்ட். ப்ரோக்ராம் ஃபைல்ஸில் லிப்ரே ஆஃபீஸ் ஃபோல்டர் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், எக்ஸ்86 என்று முடியும் இன்னொரு ப்ரோக்ராம் ஃபைல்ஸிலும் பாருங்கள், இருந்தால் அழியுங்கள். ஆப்டேட்டாவில் இருக்கும் லிப்ரே ஆஃபீஸ் ஃபோல்டரின் பெயரையே இந்த முறை மாற்றிவிடுங்கள். மறுபடி ரீஸ்டார்ட், அப்புறம் இன்ஸ்டால். ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விற்கும் மென்பொருள் எதுவும் வேண்டாம், அது செய்கிற நல்லதை நான் இதுவரை பார்த்ததில்லை. ஜாவாவை நீக்கிப் போடச் சொல்லி யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள், கணக்குப் போடவும் கடிதம் எழுதவும் ஜாவா தேவையே இல்லை.

இதற்குப் பிறகும் மின்னி மறைந்தால் ஆப்டேட்டாவும் குற்றவாளி இல்லை. அப்போது மூன்று பேர் மேல் சந்தேகம். ஒருவர் ஆன்டி வைரஸ், எஸ் ஆஃபீஸை பிடித்துத் தனி அறையில் பூட்டியிருக்கலாம், விண்டோஸ் செக்யூரிட்டியில் ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி பார்த்தால் தெரியும். இரண்டாமவர் மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் கோப்புகள். இவை காணாமல் போனால் டிஎல்எல் இல்லை என்று பெயர் சொல்லிச் செய்தி வரும், உங்களுக்கு வராததால் இவர் மேல் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. மூன்றாமவர் கிராஃபிக்ஸ் டிரைவர். பழைய லேப்டாப்பில் இவர்தான் அடிக்கடி மாட்டுவார், சேஃப் மோட் பெட்டியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை நிறுத்தித் திறந்து பார்த்தால் உண்மை வெளிவந்துவிடும். திறந்தால் லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பியுங்கள்.

இதைப் படிக்கும் பாதிப் பேரிடம் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ்தான் இருக்கும், அவர்களுக்கும் ஒரு பாரா. நியாயம் அதேதான், இடம் மட்டும் வேறு. கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே வேர்டையோ எக்ஸெலையோ தட்டினால் சேஃப் மோடா என்று கேட்கும். அதில் திறந்தால் கூடுதலாகச் சேர்த்த ஆட்இன் ஒன்றுதான் வம்பு செய்கிறது, அல்லது வேர்டில் நார்மல் டெம்ப்ளேட் கெட்டிருக்கிறது. ஆப்டேட்டாவில் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் போய் நார்மல் என்ற ஃபைலின் பெயரை மாற்றினால் வேர்ட் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். நீக்குவதற்கு முன் கண்ட்ரோல் பேனலில் ஆஃபீஸைத் தேர்ந்து சேஞ்ச் கொடுங்கள், க்விக் ரிப்பேர், ஆன்லைன் ரிப்பேர் என்று இரண்டு வரும். க்விக்குக்கு நெட் வேண்டாம், முதலில் அதைச் செய்யுங்கள். ஆன்லைன் ரிப்பேர் கிட்டத்தட்ட முழு ஆஃபீஸையும் மறுபடி இறக்கும், ஜிபி கணக்கில் போகும், மலை சிக்னலில் ராத்திரி முழுக்க ஓடும். நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த மின்னஞ்சலில் ஆஃபீஸ் பதிவாகியிருக்கிறது, அதன் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். லேப்டாப்போடு வந்த ஆஃபீஸ் அந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும், கணக்கு மறந்தால் காசு போனதுதான். 2016, 2019 ஆஃபீஸ்களுக்கு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 10க்கும் அதே நாள்தான். ஓடுவது ஓடும், ஆனால் அதற்காகப் புதிதாகப் பணம் கட்டாதீர்கள். கள்ள ஆக்டிவேட்டர் போட்ட ஆஃபீஸ் என்றால் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு லிப்ரே ஆஃபீஸே மேல்.

இனி ஃபார்மட் விஷயம், அதுதான் விண்டோஸையே அழித்துப் போடுவது. ஆரம்பத்தில் வேண்டாம் என்று கத்தினேனே, காரணம் இருக்கிறது. டைப்பிங் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா இதே மாதிரி ஆஃபீஸ் திறக்கவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தார்கள், அவர்கள் அரை மணி நேரத்தில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆஃபீஸ் ஜோராகத் திறந்தது. ஆனால் அக்காவின் பழைய பத்திரங்கள், மனுக்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கிறுக்கலாக வந்தன. ஃபைல் கெட்டுவிட்டது என்று அழுதுகொண்டு என்னிடம் வந்தார்கள். கெட்டது எதுவும் இல்லை, பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தவை அவை, ஃபார்மட்டில் எழுத்துரு போய்விட்டது. பாமினியை மறுபடி போட்டதும் முக்கால்வாசி மீண்டது, மிச்சத்துக்கு எந்த எழுத்துரு என்றே கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆஃபீஸை எத்தனை முறை நீக்கினாலும் நீங்களாகப் போட்ட எழுத்துரு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். ஃபார்மட் அதையும் சேர்த்துத் துடைக்கும். உங்கள் கணக்கில் பெயர்களை எந்த எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, பாமினி, வானவில் மாதிரி ஏதாவது என்றால் அந்த எழுத்துரு ஃபைலையும் பென்டிரைவில் போட்டு வையுங்கள். யூனிகோடு என்றால் கவலையில்லை, விண்டோஸோடு வரும் நிர்மலாவே காட்டிவிடும்.

பேட்டரி மாற்றப் பணம் இல்லை என்றால் ஒரு சின்ன யுபிஎஸ்ஸாவது வாங்குங்கள், கரன்ட் போனதும் மூடிவைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். வாங்கும்வரை இடியும் மழையுமாக இருக்கும் மாலையில் லிப்ரே ஆஃபீஸைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எல்லாம் செய்தும் திறக்கவில்லை என்றால் ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவர் என்று தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போங்கள். நீங்கள் ஐகானைத் தட்டிய நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும், அதைத் தட்டினால் கீழே ஃபால்ட்டிங் மாட்யூல் என்று ஒரு பெயர் வரும். அந்த இடத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புங்கள், கூடவே விண்டோஸ் எந்தப் பதிப்பு என்பதையும். அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.